கூரையில் இரண்டு தடங்கள்

அத்தியாயம் 14

பன்னிரண்டு வருடம் அப்பாவின் வாசலை மிதிக்காத மகனுக்கு அப்பாவின் வண்டி கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு வருடமும் கூடவே இருந்து, கடைசியில் அவர் வாயைத் துடைத்துவிட்ட மகளுக்கு வீடும், பின்னால் வண்டிகளுக்கு இருக்கையும் உள்கூரையும் தைக்கிற குஷன் கொட்டகையும் கிடைத்தன.

வீடு பெரிதா வண்டி பெரிதா என்று கேட்டால் சின்னக் குழந்தையும் பதில் சொல்லிவிடும். ஆனால் ஒர்லிந்தாவுக்கு அந்த வண்டிதான் அப்பா. சென்ற வாரம் உயிலைப் படித்ததிலிருந்து, செபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாவது மணியிலேயே தம்பியின் முகம் வந்து நின்றுகொண்டது.

அது ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவி பிக்கப். பழுக்காத ஆப்பிள் மாதிரிப் பச்சை நிறம். அப்பா கிளெமெந்தே கண்ணை மூடிய அன்று ஒர்லிந்தா அதைத் தார்ப்பாயால் மூடிச் சாவியைத் தன் அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு ஒருவரும் அதில் ஏறவில்லை.

நாளை ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு முதலாண்டுப் பூசை. பூசை முடிந்ததும் அந்தப் பிக்கப் முன்னால் போக, உறவும் ஊரும் பின்னால் கல்லறைக்குப் போவதாக ஏற்பாடு. ஓட்டப் போகிறவன் தம்பி ஃபெர்மின்.

அவர்கள் ஊரான எஸ்பன்யோலாவில் பழைய வண்டி என்றால் சும்மா இல்லை. சனிக்கிழமை மாலைகளில் மெருகேற்றிய வண்டிகள் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்து ஊர்ந்து போவதை, ஊரே வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்கும். அந்த ஊரில் அப்பாவின் வண்டி, உள்கூரை நைந்துபோய் வீதியில் வரக்கூடாது. ஃபெர்மின் அக்காவிடம்தான் வந்து கேட்டான். ஒயின் நிற வெல்வெட்டில் புதிதாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்றான்.

ஒர்லிந்தா சம்மதித்தாள். அன்பினால் அல்ல. கிளெமெந்தேயின் வண்டிக்கு வேறு யாரோ கூரை தைத்தார்கள் என்ற பேச்சை அவளால் தாங்க முடியாது.

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் வந்தார்கள்.

ஃபெர்மின் சாந்தா ஃபேயில் பணக்காரர்களின் தோட்டத்துக்கு வெந்நீர்த் தொட்டி விற்கிறவன். கொட்டகை வேலைக்கு வருகிற அன்றும் பாலீஷ் போட்ட ஷூ. அவன் பின்னால் மனைவி ஜனெல், தன் உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பவள் போலக் கொஞ்சம் குனிந்தபடி. தலையை ஸ்கார்ஃபால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நெடுஞ்சாலையோரத்துச் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவள். இரவு ஷிஃப்டை முடித்து நேராக வந்திருந்தாள்.

இவளால்தான் எல்லாம். முதல் புருஷனை விட்டு வந்தவளை, கோவில் வேண்டாம் என்று பதிவு அலுவலகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டான் ஃபெர்மின். 'என் வாசலை மிதிக்காதே' என்றார் அப்பா. மிதிக்கவில்லை. அடக்கத்துக்குத்தான் வந்தான், அதுவும் பெட்டியைக் குழியில் இறக்கும் நேரத்தில்.

ஜனெல் ஒரு காகிதப் பையை நீட்டினாள். ரொட்டிக்குள் மசாலா வைத்துச் சுருட்டிய சூடான பரீட்டோ.

"உங்களுக்குப் பச்சை மிளகாய் போடாததுதான் வாங்கினேன், அண்ணி."

ஒர்லிந்தாவுக்கு இரண்டு வருடமாக வயிற்றுப் புண். வீட்டுக்கு வெளியே அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. சீட்டு மேசையில் உட்காருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே கையிலிருப்பதைச் சொல்லிவிடுவார்களாமே, அந்த வித்தையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பையைப் பிரிக்காமலே தையல் மெஷினின் மூலையில் தள்ளி வைத்தாள்.

"வேலை நேரத்துல நான் சாப்பிடறதில்ல."

பழைய உள்கூரையைக் கழற்றும் வேலையை அவளே செய்தாள். அந்தக் காலத்து பிக்கப்களில் கூரைக்குக் கீழே துணி கிடையாது. கெட்டி அட்டை ஒன்றை வளைத்து, ஓரத்தில் மெல்லிய தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். எழுபது வருட வெயிலில் அட்டை பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. ஸ்க்ரூவைத் திருப்பியதும் எலிக்கூட்டுப் பஞ்சும் குளவி மண்ணும் அவள் முகத்தில் கொட்டின.

"மாஸ்க் போட்டுக்கக் கூடாதா, அக்கா?" என்றான் ஃபெர்மின், வாசலில் நின்றபடியே.

"போட்டுக்கலாம். நீ உன் ஷூவைப் பத்திரமா பார்த்துக்க."

அட்டை முழுதாக இறங்கியது. புது அட்டை வெட்ட அதுதான் அளவு. அதை மேசையில் போட்டு ஸ்க்ரூ ஓட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தாள். ஓட்டுகிறவர் பக்கம், சரியாகத் தலைக்கு மேலே, தட்டு அளவுக்கு ஒரு பழுப்புத் தடம். அப்பாவின் தொப்பி நாற்பது வருடம் உரசிய இடம். ஒர்லிந்தா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்புறம்தான் மற்றதைக் கண்டாள்.

பக்கத்து இருக்கைக்கு மேலே, வலப்பக்கத்து மூன்றாவது ஓட்டையை ஒட்டி, இன்னொரு தடம். எலுமிச்சை அளவுதான் இருக்கும். தொட்டால் லேசாகப் பிசுக்கென்று ஒட்டியது. அதில் தங்கத்தூள் மாதிரி ஏதோ மினுங்கியது.

அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. தவிர அம்மாவும் ஒர்லிந்தா மாதிரியே குள்ளம், அவள் தலை கூரைக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிடும். இது உயரமான ஒருத்தி. கொண்டையை உச்சியில் தூக்கிக் கட்டி, மினுமினுப்பு ஸ்பிரே அடித்துக்கொள்கிற ஒருத்தி. ஒருநாள் இருநாள் உட்கார்ந்தால் இப்படித் தடம் விழாது.

இந்த வயதில் அப்பாவா? நினைப்பு வந்த வேகத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபெர்மின் கண்ணில் பட்டால் அப்பாவைப் பற்றி அவன் என்ன நினைப்பான்? ஓட்டைகளைக் குறித்து முடித்ததும் அட்டையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தி வைத்தாள்.

*

வெல்வெட்டைப் பற்றியே ஒரு சண்டை நடந்தது.

ஃபெர்மினுக்கு டயமண்டு டயமண்டாகக் குழித்துப் பட்டன் வைத்த கூரை வேண்டும். படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஒர்லிந்தா அந்தப் படத்தை இரண்டு விரலால், எலியை வாலில் பிடித்துத் தூக்குவது போல வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா என்ன கர்தினாலா, தலைக்கு மேல மெத்தை கட்டறதுக்கு? சாம்பல் கலர் கம்பளித் துணி போட்டா போதும். அவருக்குப் பிடிச்சது அதுதான்."

"அவருக்குப் பிடிச்சது உனக்கு மட்டும்தான் தெரியுமா?"

"கூட இருந்தவளுக்குத் தெரியும். தொட்டி விக்கிறவனுக்கு எங்க தெரியும்."

ஃபெர்மின் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வண்டி அவனுடையது, அது போதும் என்பது போல நின்றான். கடைசியில் பட்டன் வேண்டாம், நீளவாக்கில் வரி வரியாகத் தைத்தால் போதும் என்று முடிவானது. நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் பொன்னூலால் அப்பாவின் பெயர். அதற்கு இரு பக்கமும் வெல்வெட். பெயரை ஒர்லிந்தா வியாழனன்றே தைத்து வைத்திருந்தாள். வெல்வெட் கடையில் கடைசியாக மிஞ்சிய துண்டு, அளவுக்கு மேலே ஒரு கை அகலம்கூட இல்லை.

துணியை மேசையில் விரித்தார்கள். இரண்டு பாதியையும் ஒரே வெட்டில் எடுத்தால் நேரம் மிச்சம். மறுமுனையைத் தூக்கி இந்த முனைமேல் மடித்துப் போடும்படி ஜனெலிடம் சொன்னாள் ஒர்லிந்தா. ஜனெல் தூக்கினாள். போடும் முன் துணியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள், பூனை முதுகைத் தடவுவது மாதிரி.

"அண்ணி, இப்படி மடிச்சா கீழ இருக்கற பாதிக்கு ரோமம் ஒரு பக்கமாவும், மேல இருக்கறதுக்கு..."

"இது சீட்டு போடற மேசை இல்ல." கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் ஒர்லிந்தா. "இருபத்தாறு வருஷமா துணி வெட்டறேன். பிடின்னா பிடி."

ஜனெல் பிடித்தாள்.

கத்தரிக்கோல் இரண்டு மடிப்பையும் ஒரே ஓட்டத்தில் அறுத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டத்தில் ஒர்லிந்தாவுக்கு ஒரு திருப்தி இருந்தது. வேலையின் திருப்தி அல்ல அது. ஒருவர் வாயை அடைத்துவிட்டபின் வருகிற திருப்தி. அந்த மாதிரித் திருப்தி வரும்போது ஆண்டவர் கொஞ்சம் விலகி நிற்கிறார் என்பது அவளுக்கே தெரியும். பூசையில் எத்தனையோ தடவை கேட்டதுதான்.

*

மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. புது அட்டையில் மெல்லிய ஃபோம் ஒட்டி, அதன்மேல் வெல்வெட்டை இழுத்து மாட்டி, ஸ்க்ரூ முறுக்கியாயிற்று. கொட்டகையின் குழல் விளக்கில் கூரை ராஜபோகமாக இருந்தது. ஃபெர்மின் முதல்முறையாக உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தான். அப்பாவின் பெயரை விரலால் தொட்டான்.

"நல்லாருக்கு, அக்கா."

"நல்லா இல்லாம?"

வண்டியை மூவருமாக முற்றத்து வெயிலுக்குத் தள்ளினார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு பெனிக்னோ நின்றுகொண்டிருந்தான். அவனிடமும் ஒரு பழைய பிக்கப் உண்டு. மூன்று வருடமாக ஊர் வண்டிக் கண்காட்சியில் பரிசு வாங்குகிறது. அதைப் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் அவனே சொல்லுவான். இப்போது கழுத்தை நீட்டிக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஏன் ஒர்லிந்தா, ரெண்டு கடையில குடுத்துத் தைச்சீங்களா?"

அவள் கதவைத் திறந்து பார்த்தாள்.

இடப்பக்கம் ஒயின் நிறம். வலப்பக்கம் காய்ந்த ரத்தத்தின் நிறம். வெல்வெட்டின் ரோமம் வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்தால் ஒரு நிறம், எதிர்த்துச் சாய்ந்தால் வேறு நிறம். மடித்து வெட்டினால் ஒரு பாதி தலைகீழாகப் போகும். தையல் பழகிய முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். இந்தத் தப்பைச் செய்த வேலைக்காரி ஒருத்தியை ஒர்லிந்தா ஒருமுறை அன்றைக்கே அனுப்பியிருக்கிறாள்.

வலப்பாதியைத் திருப்பி மாட்டவும் வழியில்லை. முன்பக்கம் வளைவு, பின்பக்கம் நேர். துணியும் மிச்சமில்லை.

"என்ன ஆச்சு?" என்றான் ஃபெர்மின்.

பெனிக்னோ இன்னும் வேலியில் சாய்ந்துகொண்டுதான் இருந்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும். அப்பாவுக்கு மகள் தைத்த கூரை. வாய் துடைத்துவிட்ட மகள் தைத்த கூரை.

"உன் பொண்டாட்டியக் கேளு," என்றாள் ஒர்லிந்தா. "துணியைத் திருப்பிப் பிடிச்சது அவதான். சீட்டுக் கட்டைத் தவிர வேற எதையும் பிடிச்சுப் பழக்கமில்லாத கைய நான் நம்பியிருக்கக் கூடாது."

ஜனெல் இப்போது நடந்ததைச் சொல்லுவாள். சொல்லட்டும், அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன் என்று ஒர்லிந்தா தயாரானாள்.

ஜனெல் அவளை ஒரு நொடி பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் கணவனிடம். "நான்தான் மாத்திப் பிடிச்சுட்டேன்."

ஃபெர்மின் முகம் சிவந்தது. எந்த வேலையைக் கொடுத்தாலும் இப்படித்தான், வராதே என்றால் கேட்டாயா, வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாமே என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லித் தீர்த்தான். குரலில் அப்படியே அப்பா. பிறகு போனை எடுத்துக்கொண்டு, எந்தக் கடையிலாவது துணி கிடைக்குமா என்று விசாரிக்க வாசல் பக்கம் போனான். பெனிக்னோ வேடிக்கை தீர்ந்த திருப்தியில் உள்ளே போய்விட்டான்.

*

கொட்டகையில் இரண்டு பெண்களும் கூரையைத் திரும்பக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

"ஏன் ஒத்துக்கிட்ட?" என்றாள் ஒர்லிந்தா கடைசியில். கேள்வியிலும் ஏளனம் போகவில்லை. அது அவள் தொண்டையிலேயே குடியிருந்தது. "பெரிய மனசுன்னு நான் சொல்லணுமா?"

"இல்ல, அண்ணி." ஜனெல் ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பூசையில அவர் உங்க பக்கத்துல உட்காரணும். என் மேல கோபம்னா சாயங்காலம் சாப்பாட்டோட போயிடும். உங்க மேலன்னா இன்னும் பன்னிரண்டு வருஷம்."

ஒர்லிந்தா வெட்டுப்பட்ட வெல்வெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். ஒயின். ரத்தம். ஒயின். ரத்தம்.

"வரி வரியாத்தானே தைச்சிருக்கு," என்றாள் மெதுவாக, யாரிடமும் அல்லாமல். "வரியோடயே அறுத்து, அதுல ஒண்ணு இதுல ஒண்ணுன்னு மாத்தி மாத்திச் சேர்த்தா..."

"நெய்த கம்பளி மாதிரி இருக்கும்," என்றாள் ஜனெல்.

"தையலுக்கு மடிச்சா அகலம் குறையும்."

"ஓரத்துக்கு அந்தச் சாம்பல் துணி போதாதா? மாமாவுக்குப் பிடிச்சதுன்னு சொன்னீங்களே."

ஒர்லிந்தா நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை இவள் வாயிலிருந்து அந்த 'மாமா' வந்ததில்லை. இவ்வளவு பழகிய குரலில் வருகிறதே என்று தோன்றியது. ஆனால் நேரமில்லை. அலமாரியிலிருந்து சாம்பல் கம்பளித் துணியை இறக்கினாள்.

ஜனெல் அறுத்த பட்டைகளை வரிசைப்படுத்திக் கொடுத்தாள். ஒன்றையும் தப்பாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் கொடுக்கும் முன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இரவெல்லாம் ஐம்பத்திரண்டு சீட்டை வரிசை கலைத்து வரிசை சேர்க்கிற விரல்கள். ஒர்லிந்தா தைக்கத் தைக்க, அடுத்த பட்டை அவள் இடக்கைக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. இவ்வளவு வேகமாக ஒத்துவருகிற ஒரு உதவிக்காரி அந்தக் கொட்டகையில் வேலை செய்ததில்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

ஃபெர்மின் ஒருமுறை எட்டிப் பார்த்தான். எங்கும் கடை திறந்திருக்கவில்லை. மேசையில் நடப்பதைப் பார்த்துவிட்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு முற்றத்தைப் பெருக்கப் போனான். வண்டியிலிருந்து சிந்திய எலிப்பஞ்சும் குளவி மண்ணும் கொட்டகையிலிருந்து முற்றம்வரை கிடந்தன.

ஐந்து மணிக்கு முற்றத்து வெயிலிலேயே கூரையை மாட்டினார்கள். ஒர்லிந்தா ஓட்டுகிறவர் பக்கமிருந்து ஸ்க்ரூ போட, ஜனெல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரு கையாலும் அட்டையைத் தாங்கினாள். பசை வாடையும் வெக்கையும். ஸ்கார்ஃப் நழுவிக் கண்ணை மறைத்தது. ஜனெல் ஒரு கையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் போட்டாள்.

உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. வேலை இரவுகளில் விடுதிக்காரர்கள் போட்டே ஆக வேண்டும் என்கிற மினுமினுப்பு ஸ்பிரே, வெயிலில் பொன்பொடியாக மின்னியது. இதை மறைக்கத்தான் காலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தாள் போலும், பக்தியுள்ள நாத்தனார் முன்னால்.

ஜனெல் நிமிர்ந்தாள். கொண்டை புதுக் கூரையில் போய் முட்டியது.

வலப்பக்கத்து மூன்றாவது ஓட்டை. அதை ஒட்டி.

ஒர்லிந்தாவின் கையிலிருந்து ஸ்க்ரூ நழுவிச் சீட்டுக்கு அடியில் உருண்டது. அவள் அதைத் தேடவில்லை. கொண்டை விலகிய இடத்தில், வெல்வெட்டின்மேல், கடுகு அளவு ஒரு தங்கப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வருடமாக இந்த வண்டியில் யாரும் ஏறவில்லை. அப்படியானால் அதற்கு முன்னால்.

அப்பாவுக்குப் புதன்கிழமைதோறும் சாந்தா ஃபே ஆஸ்பத்திரியில் ஊசி. ஒன்றரை வருடம். 'நான் வரட்டுமா?' என்று ஒர்லிந்தா கேட்டாள்தான், முதல் வாரம். 'உனக்கு வேலை கிடக்கு, நான் தனியா போய்க்கறேன்' என்றார். இரண்டாவது வாரம் அவள் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கை யாருக்கும் கொடுக்காத மனிதர், ஊசி போட்டுக்கொண்டும் தானே ஓட்டிக்கொண்டு வருவார். வந்து, சோர்ந்த முகத்தோடு, ஆனால் புதன்கிழமைகளில் மட்டும் ஏனோ கொஞ்சம் தெளிவாக இருப்பார். மருந்தின் குணம் என்று ஒர்லிந்தா நினைத்திருந்தாள்.

பச்சை மிளகாய் போடாத பரீட்டோ.

"ஜனெல்," என்றாள். அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "புதன்கிழமை..."

ஜனெல் கையைக் கூரையிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, முற்றத்தில் பெருக்கிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

"புதன்கிழமை எனக்கு லீவு, அண்ணி, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு அப்படியே மாமாகூட ஆஸ்பத்திரிக்குப் போவேன்," என்றாள் தணிந்த குரலில். "அவருக்குத் தெரியாது. மாமாதான் சொல்ல வேண்டாம்னார்."

ஒர்லிந்தா சீட்டுக்கு அடியில் குனிந்து ஸ்க்ரூவைத் தேடினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியான இடமாக இருந்தது. கைக்குக் கிடைத்ததும் எழுந்து அதை மூன்றாவது ஓட்டையில் வைத்து, கடைசித் திருப்புவரை நிதானமாக முறுக்கினாள்.

பிறகு இறங்கிப் போய், தையல் மெஷின் மூலையிலிருந்த காகிதப் பையைப் பிரித்தாள். பரீட்டோ குளிர்ந்து இறுகிப் போயிருந்தது. நின்றபடியே ஒரு வாய் கடித்து விழுங்கினாள். இன்னொரு வாய்.

முற்றத்துக்கு வந்தாள். பெனிக்னோ தன் பக்கத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கப் பேசினாள்.

"ஃபெர்மின். துணியை மடிக்கச் சொன்னது நான். அவ தப்புன்னு சொன்னா, நான் கேக்கல. வெட்டினதும் நான். அப்புறம் அவ மேல பழி போட்டதும் நான்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் நின்றது.

ஃபெர்மின் துடைப்பத்தைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தான், பிறகு வண்டிக்குள் பார்த்தான். ஒயினும் இருளும் மாறி மாறி ஓடி, ஓரத்தில் அப்பாவின் சாம்பல் துணியில் முடிந்த அந்தக் கூரையை வெயில் சாய்வாகத் தொட்டது. அதன்கீழே ஜனெல் இன்னும் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் தான் பேசியதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. சொல் தெரியாதவர்கள் வேலையைத் தேடுவார்கள். அவனும் கொட்டகைக்குள் போய், மிச்சமிருந்த குப்பையை எடுக்க ஆரம்பித்தான்.

ஒர்லிந்தாவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

சுவரைப் பார்க்கச் சாத்தி வைத்திருந்த பழைய அட்டையை ஃபெர்மின் இரு கையிலும் ஏந்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். தட்டு அளவுத் தடத்தின்மேல் கட்டைவிரலை வைத்தான். அது யாருடையது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவன் விரல் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. எலுமிச்சை அளவுத் தடத்தில் நின்றது. விரலைத் தூக்கி, நுனியில் ஒட்டிய பொன்பொடியைப் பார்த்தான்.

வண்டியில் ஜனெல் ஸ்கார்ஃபை எடுத்து மறுபடியும் தலையில் கட்டத் தொடங்கியிருந்தாள். அவள் விரல்கள், தப்பே செய்யாத அந்த விரல்கள், முடிச்சை இரண்டு தடவை தவறவிட்டன.

"அக்கா," என்றான் ஃபெர்மின். "இந்தப் பக்கம் உட்கார்ந்தது யாரு?"

காலையிலிருந்து வாய்க்கு வாய் பதில் வைத்திருந்த ஒர்லிந்தா, ஒரு பொய்யை இப்போதுதான் ஊர் கேட்க இறக்கி வைத்த ஒர்லிந்தா, தம்பியின் முகத்தையும் வண்டிக்குள்ளிருந்து தன்னைப் பார்க்கும் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.